ஐந்து சுவரில் ஒரு தாரணி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அந்த ஃபோனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள், உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். ராஜா ராணி கதை இல்லை. மருந்து வாங்கினால் ஒரு பில் வருகிறதே, அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். யாராவது படித்திருக்கிறீர்களா? நானும் படித்ததில்லை, எங்கள் மாடி வீட்டுத் தாரணியின் பெயரை அதில் பார்க்கிற வரைக்கும். அந்தப் பெயரின் கதைதான் இது.

தாரணிக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம். டி.ஃபார்ம் படித்து, இங்கே கர்நாடகத்தில் பதிவு செய்துகொண்டு, அத்திபெலேயில் பெர்னார்ட் அண்ணன் மெடிக்கலில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். வீட்டுக்காரன் ரகு, வைட்ஃபீல்டில் ஐடி ஆட்களை ஏற்றி இறக்கும் ஷட்டில் வண்டி ஓட்டுகிறான். சந்தாபுராவில் எங்கள் மாடியில் குடிவந்த அன்றைக்கு அடுப்பு வந்தது, கட்டில் வந்தது, எல்லாவற்றையும் ஆட்கள் தூக்கினார்கள். ஒரு பழைய புடவையில் சுற்றின சட்டத்தை மட்டும் அவள் யார் கையிலும் தரவில்லை. பதிவுச் சான்றிதழ். அவள் படமும் எண்ணும் முத்திரையும் இருக்கும். அது சுவரில் தொங்கினால்தான் ஒரு மருந்துக் கடை திறக்க முடியும். அது இல்லாவிட்டால் அவளும் என்னை மாதிரி ஒருத்திதான்.

பெர்னார்ட் அண்ணன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டுவாதத்துக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை இருக்கிறது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் விஷம், ரத்தத்தையே தின்றுவிடும். அந்தச் சீட்டு வந்தால் அண்ணன் கத்திரிக்கோலை எடுத்து நாலே நாலு மாத்திரை வெட்டுவார். பழுப்புக் கவரில் போட்டு, சிவப்புப் பேனாவில் தமிழிலும் கன்னடத்திலும் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதுவார். அப்புறமும் கையில் தரமாட்டார்.

“என்னைக்குப் போடணும்? சொல்லுங்க.”

“இப்பத்தானே நீயே சொன்ன?”

“நான் சொன்னது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க.”

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை மறந்துபோச்சு. திங்கக்கிழமை வலிக்குது. அப்போ?”

“உன்னை வந்து கேக்கறேன்டா சாமி, குடு, பஸ்ஸு போயிடப் போகுது!”

அதன்பிறகுதான் கவர் கைமாறும். தாரணியும் இதையே படித்துக்கொண்டாள். ‘சொல்லுங்க’ என்று அவள் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பதைப் பார்த்தால், பரீட்சைக்குப் போன மாதிரி நமக்கே பயம் வரும்.

பிறகு டக்மெட் என்கிற ஆப் வந்தது. பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலில் மருந்து. கடை விலையில் கால்வாசி தள்ளுபடி. நானும் ஏற்றிக்கொண்டேன் என் ஃபோனில், மறைப்பானேன். முட்டி வலியோடு யார் ஆட்டோ பிடித்து அத்திபெலே போவது? என்னை மாதிரி நூறு பேர் போகாமல் நின்றதும் பெர்னார்ட் அண்ணன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரே ஒருநாள் தாரணியைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, சந்தாபுராவுல அவங்க கிடங்கு திறக்கறாங்களாம். அவங்களுக்கும் ஃபார்மசிஸ்ட் வேணும், அது சட்டம். நீ போ. என்கூட உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டு எத்தனை நாள் இருப்பே?”

டக்மெட்டை ஆரம்பித்தவன் பத்ரிநாத். மல்லேஸ்வரத்துப் பிள்ளை. மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த தமிழ்க் குடும்பம், தாத்தா இந்த மாநில அரசில் பெரிய எழுத்தர். முப்பது வயசுகூட ஆகவில்லை. தாரணி ‘சார்’ என்றதும், “சார் எல்லாம் வேண்டாம், பத்ரின்னு கூப்பிடுங்க, நாமெல்லாம் ஒரே டீம்” என்று கைகூப்பினானாம். சரிபார்க்க வேண்டும் என்று அசல் சான்றிதழை வாங்கிக்கொண்டான். ஆதார் எண்ணைக் கேட்டார்கள், ஃபோனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னாள், அதைச் சொன்னாலே பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரியாம். என்ன பத்திரம், எத்தனை பக்கம், அவள் கேட்கவில்லை. அவர்கள் சொல்லவும் இல்லை.

இரண்டு மாசம் போயிருக்கும். ஒரு மத்தியானம் ரகு வைட்ஃபீல்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பக்கத்துச் சந்தில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறான். பாதி ஏற்றின ஷட்டர், உள்ளே டக்மெட் கிடங்கு. சுவரைப் பார்த்தவன் பாட்டில் வழிவதுகூடத் தெரியாமல் நின்றானாம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொல்கிறான்:

“உன்னை இன்னைக்கு வைட்ஃபீல்டுல பார்த்தேன்.”

“நான் எங்கே அங்கே வந்தேன்? நாள் பூரா இங்கதானே இருந்தேன்.”

“அதான் எனக்கும் ஆச்சரியம். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தே. என்கிட்ட இப்படி ஒருநாளும் சிரிச்சதில்ல. அங்கிருந்த ஆளைக் கேட்டேன், ‘ஃபோட்டோ மாத்ரா இதே சார், அவரு இல்லா’ங்கறான். படம் மட்டும்தான், ஆளு இல்லையாம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த இரண்டு நாளில் ஷட்டில் ஓட்டுகிற கூட்டாளிகளை விட்டு விசாரித்ததில் மொத்தம் ஐந்து இடம். ஐந்து கிடங்குச் சுவரிலும் சான்றிதழ் நகலில் தாரணி. “அஞ்சு பொண்டாட்டிக்காரன் ஆயிட்டேன், ஒருத்தியும் வீட்டுல சமைக்க மாட்டேங்கறா” என்று ரகு சொல்லிப் பார்த்தான். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பத்ரியைப் போய்க் கேட்டாள். அவன் கோபப்படவில்லை, அதுதான் வினை. நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்:

“தாரணி, ரெண்டே வாரம். மத்த நாலு ஸ்டோருக்கும் ஆள் எடுத்துட்டே இருக்கோம். அதுவரைக்கும் மூடி வெச்சா அந்த ஏரியா வேற ஆப்புக்குப் போயிடும். இந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துல எழுதினது. அப்போ ஃபோன் ஏது, ஆப் ஏது? நாம தப்புப் பண்ணல. சட்டம் இன்னும் நம்ம வேகத்துக்கு வந்து சேரல, அவ்வளவுதான். வளர்ந்துட்டா அவங்களே வந்து ரூலை மாத்துவாங்க.”

“என் சர்டிஃபிகேட்டைக் குடுத்துடுங்க பத்ரி.”

“லீகல் டீம்கிட்ட இருக்கு. கேட்டுச் சொல்றேன். அதுக்குள்ள, இன்னையிலிருந்து நீங்க சீஃப் ஃபார்மசிஸ்ட்!”

அந்தக் காகிதம் இல்லாமல் வேறு எந்தக் கடையிலும் அவள் கால் வைக்க முடியாது, பெர்னார்ட் அண்ணன் கடை உட்பட. ரெண்டு வாரம் நாலு வாரமானது, நாலு வாரம் ஏழு மாசமானது. வாரா வாரம் கேட்பாள். வாரா வாரம் லீகல் டீமிடம் இருக்கும்.

அவள் வேலை என்ன தெரியுமா? ஐந்து கிடங்குக்கு வருகிற மருந்துச் சீட்டும் அவள் மேஜைத் திரைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் இருபது நொடி. பார்த்து, பச்சைப் பொத்தானைத் தட்ட வேண்டும். நேரம் குறையக் குறைய எண் சிவப்பாகும். மணிக்கு இத்தனை சிவப்பு என்று சாயங்காலம் பட்டியல் வரும். வாங்குகிறவரின் ஃபோன் எண் மறைத்திருக்கும், கூப்பிட முடியாது. கவரில் எழுதுவதற்குத் திரையில் ஒரு கட்டமாவது வையுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் பத்ரி சிரித்துக்கொண்டேதான் சொன்னான், “எழுதறதுக்கு ஒரு நிமிஷம், படிக்கறதுக்கு ஒரு நிமிஷம்னா பத்து நிமிஷம் பன்னிரண்டாயிடும் தாரணி.”

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருக்கும். திரையில் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை வந்தது. பெயர் ருக்மணி, வயது அறுபத்தெட்டு, வைட்ஃபீல்ட் கிடங்கு. டாக்டர் கிறுக்கலில் ‘வாரம் ஒன்று’ என்பதை அவள் படித்துவிட்டாள். ஆப்பில் கேட்டிருந்ததோ முழு அட்டை, பத்து மாத்திரை. கை தானாகக் கத்திரிக்கோலைத் தேடியது என்றாள் என்னிடம். கத்திரிக்கோல் இங்கே, மாத்திரை இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். எண் சிவப்பாகி நாலு, மூன்று என்று இறங்கியது. அங்கே யாராவது கவரில் எழுதட்டும் என்று நினைத்துக்கொண்டு தட்டிவிட்டாள். உடனே வைட்ஃபீல்ட் ஆட்களின் வாட்ஸப்பில் போட்டாள்: ‘மஞ்சள் மாத்திரை ஆர்டர், கவரில் ஞாயிறு மட்டும் என்று எழுதவும்.’ அதற்குள் அடுத்த சீட்டு, அதற்கடுத்தது. மத்தியானம் பார்த்தாள். வண்டி மூன்றாவது நிமிஷமே கிளம்பிப் போயிருந்தது. அவள் எழுதினதை யாரோ ஒருவர் கட்டைவிரல் காட்டி முடித்துவைத்திருந்தார்.

நிறுத்த முடியுமா என்று கேட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்கள். எண் கேட்டாள். தர விதி இல்லை என்றார்கள். விதி! அன்றைக்குத்தான் அந்தக் கம்பெனியில் அவள் அந்த வார்த்தையைக் கேட்டாள்.

டாக்டர் சொல்லியிருப்பாரே என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லியிருக்கிறார். ருக்கு அம்மாவுக்கு வலது காது கேட்காது. அவர் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் அந்த நேரம் ஆஸ்பத்திரி வாசலில், வண்டியை எடுக்கச் சொன்ன காவலாளியோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, முப்பத்துநாலு வருஷம் ஒருநாள் தாமதமாக ஆபீஸ் போனதில்லை. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்திருந்தார். மனைவியின் மாத்திரைகளை அறை அறையாக நிரப்பி, தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீரும் டம்ளருமாக நிற்பார். அந்த மஞ்சள் மாத்திரையையும் அப்படித்தான் நிரப்பினார். ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

எட்டாம் நாள் அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் புண். பத்தாம் நாள் தண்ணீர் இறங்கவில்லை, காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் டப்பாவைப் பார்த்த டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பில்லில் இருந்த பெயரைத் தேடிக்கொண்டு பெரியவர் முதலில் வைட்ஃபீல்ட் கிடங்குக்குப் போனார். படத்தைக் காட்டினார்கள். விசாரித்து விசாரித்து, பஸ் மாறி, மறுநாள் சந்தாபுராவுக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு ரெக்ஸின் பை. ஷட்டருக்கு வெளியே நின்று கேட்டார்:

“தாரணிங்கறது நீங்கதானா?”

“ஆமாங்கய்யா.”

“படத்துல கொஞ்சம் குண்டா இருக்கேள்.” பையைத் திறந்து பில்லை எடுத்தார், அப்புறம் அந்த டப்பாவை எடுத்தார். ஏழு அறையும் காலி. “சண்டை போட வரலைம்மா. ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அட்டையில நாள் எழுதியிருந்து நான்தான் கவனிக்கலையா? கண்ணாடி மாத்தி ரெண்டு வருஷமாறது. நான்தான் படிக்காம விட்டுட்டேனா?”

தாரணி ஏழு அறையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“சொல்லும்மா. எழுதியிருந்ததா?”

“இல்லைங்கய்யா. எழுதலை. எழுதறதுக்கு நான் அங்கே இல்லை.”

“உங்க பேர் இருக்கே?”

“பேர் மட்டும்தான் இருந்துச்சு.”

அவர் அந்தப் பில்லை நாலாக மடித்தார். “எத்தனை ஃபைல்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு இடத்துல ஒருத்தர் பேர் இருந்தா, அங்கே அந்த ஆள் உட்கார்ந்துண்டு இருக்கார்னுதான் அர்த்தம். அப்படித்தான் நினைச்சுண்டிருந்தேன்.” டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். “தினம் நான்தான் வாயில போட்டேன். கசக்கறதுன்னு அவ சொன்னா. குழந்தை மாதிரி பண்ணாதேன்னு திட்டினேன்.”

அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாம் என்று அவள் உள்ளே ஓடினாள். திரும்பி வருவதற்குள் போய்விட்டார். மேஜைத் திரையில் பதினொரு சீட்டு சிவப்பாக நின்றிருந்தது.

ருக்கு அம்மா வீடு திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பத்ரி தாரணியைக் கூப்பிட்டான். இந்தத் தடவை காபி இல்லை, ஒரு காகிதம் இருந்தது. சம்பவத்தன்று தாரணி வைட்ஃபீல்ட் கிடங்கில் பணியில் இருந்தாள். வாரம் ஒன்று என்பதை ஃபோனில் வாங்கினவரிடம் தெளிவாகச் சொன்னாள். அவர் புரிந்ததாகச் சொன்னார். அப்படி எழுதியிருந்தது. பக்கத்தில், ஏழு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்த அசல் சான்றிதழ் சட்டத்தோடு இருந்தது.

“இன்ஸ்பெக்‌ஷன் வருது. இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க மேல ஒண்ணும் வராது. உங்க பேப்பர் உங்ககிட்ட. யாருக்கும் கஷ்டமில்ல.”

“அந்தப் பெரியவருக்கு?”

பத்ரி ஜன்னலைப் பார்த்தான். அவன் கண்ணிலும் தூக்கமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். “எங்க தாத்தா வயசு அவருக்கு. எனக்கு மட்டும் மனசில்லையா? ஆனா நானூறு பேர் வேலை இருக்கு தாரணி. அவர் மேல யாரும் கேஸ் போடப் போறதில்ல. ஒரு மறதின்னு போயிடும்.”

ரகு அன்றைக்குச் சொன்னான், போட்டுவிட்டு வந்துவிடு என்று. நானும் சொன்னேன். ஆமாம், நான்தான். செத்தவள் திரும்பி வரப்போவதில்லை, இருக்கிறவள் பிழைக்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அவர் என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதானேம்மா? அவர் தப்பா, இல்லையான்னு. இல்லைன்னு சொல்லி அனுப்பினேன். இப்போ ஆமான்னு எழுதிக் குடுக்கவா?”

மருந்துத் துறையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒரு நடுத்தர வயசுப் பெண்மணி. நல்ல மனுஷிதான். “அன்னைக்கு வைட்ஃபீல்டுல நீங்க இருந்தீங்களா?” என்று கேட்டார். இருந்தேன் என்றால் பழி பெரியவர் மேல். இல்லை என்றால் ஐந்து கடைக்குப் பெயரை வாடகைக்கு விட்டவள். தாரணி இல்லை என்றாள். ஐந்து கிடங்கையும் சொன்னாள், ஓடிபி சொன்னதையும் சொன்னாள், நாலு நொடி இருக்கும்போது தட்டினது தன் விரல்தான் என்பதையும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை மூடிவிட்டு, “நீங்க உண்மை சொன்னதை எழுதியிருக்கேன். ஆனா காப்பாத்த என்கிட்ட ஒரு வழியும் இல்லம்மா. பத்திரத்துல எல்லாக் கடைக்கும் உங்க சம்மதம் இருக்கு” என்றார்.

அவள் பதிவை நிறுத்தி வைத்தார்கள். டக்மெட் வருத்தம் தெரிவித்தது. ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு, அவரை நீக்கிவிட்டோம், விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம் என்று அறிக்கை வந்தது. வைட்ஃபீல்ட் கிடங்கு பன்னிரண்டு நாள் மூடியிருந்தது. அதற்கப்புறம் ரகு தண்ணீர் பிடிக்கப் போனபோது சுவரில் வேறு ஒரு பெண்ணின் படம். சின்னப் பெண்ணாம், இப்போதுதான் படித்து முடித்தவள் மாதிரி இருந்ததாம். “எங்கே இருக்காளோ அவ” என்றான். அன்றைக்கு அவன் ஜோக்கடிக்கவில்லை.

தாரணி இப்போது பக்கத்துத் தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிறாள். பெர்னார்ட் அண்ணன் வந்து பார்த்தார். “சும்மாவாவது வந்து கடையில உட்காரு தங்கச்சி” என்றார். “என் பேர் சும்மா உட்கார்ந்திருந்துதாண்ணே இவ்வளவும் ஆச்சு” என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் என் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனது. முட்டி வீக்கம் வேறு. என்னைத் திட்டாதீர்கள் கண்ணுகளா, டக்மெட்டில்தான் போட்டேன். ஒன்பது நிமிஷத்தில் வந்தது. என்ன தோன்றியதோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில்லின் அடியைப் பார்த்தேன். பதிவு பெற்ற மருந்தாளுநர்: ஆர். தாரணி. சந்தாபுராக் கிடங்கில் அவள் பெயரை எடுக்கவே இல்லை.

வெட்கத்தோடு மாடி ஏறினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். கம்பெனிக்கு ஃபோன் போட்டாள், ஒரு இயந்திரம் பேசியது, தமிழுக்கு எண் நான்கை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது. அரை மணி நேரம் காதில் வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், பதில் வரும் என்கிறாள். நாள் பூரா ஊரில் எத்தனை வீட்டுக்கு அந்தப் பெயர் போய்க்கொண்டிருக்கிறதோ, எந்த மாத்திரையோடு போகிறதோ, அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஃபோனை வைத்துவிட்டு அவள் ஒரு காரியம் செய்தாள். அலமாரியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, என் மாத்திரை அட்டையின் முதுகில் ‘காலை ஒன்று’ என்று எழுதினாள். நீட்டினாள். நான் கையை நீட்டினதும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“எப்போ போடணும்? சொல்லுங்கம்மா.”

பத்து வருஷமாக நான் போடுகிற மாத்திரை. ஆனாலும் சொன்னேன், “காலையில ஒண்ணு.” தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். அப்புறம்தான் கொடுத்தாள். அவளால் இன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான், என்னாலும் உங்களிடம் இதைச் சொல்வதுதான்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டு மருந்து டப்பா என்றைக்கும் காலியாகவே கிடக்கட்டும். அப்படியே மருந்து வந்தாலும், அதைக் கையில் தருகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கிறவராக இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண் தெளிவாக, காது கேட்க, நிம்மதியாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் பெயர் எங்கே எழுதியிருக்கிறதோ, அங்கே அவர்களும் சுகமாக இருக்கட்டும். பத்திரமாகப் போய் வாருங்கள்.